எச்.ஐ.வி. சிகிச்சை தொடக்கம்: சிறுநீரகம் பற்றி ஒரு சந்தேகம்

அனைவருக்கும் வணக்கம். என் தம்பிக்கு எச்.ஐ.வி. உறுதியாகியிருக்கிறது. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் சேர்ந்த ஒரே மாத்திரையை மருத்துவர் சொல்கிறார். உலக சுகாதார நிறுவனம் முதல் தேர்வாகப் பரிந்துரைப்பதும் அதுதான், அதனால் மருந்தின் மேல் நம்பிக்கை இருக்கிறது.

ஆனால் அவனுக்குச் சர்க்கரை நோய் உண்டு. சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் அளவும் சற்றுக் கூடுதல். டெனோஃபோவிர் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். டோலுடெகிராவிர் இரத்தத்தில் சர்க்கரை நோய் மருந்தான மெட்ஃபார்மினின் அளவை உயர்த்தும். டெனோஃபோவிருக்குப் பதில் அபாகாவிர் என்ற மருந்துக்கு மாறுவதென்றால், அது கடும் ஒவ்வாமை தருமா என்று அறிய முதலில் எச்.எல்.ஏ. மரபணுச் சோதனை வேண்டும். ஹெபடைடிஸ் பி என்ற கல்லீரல் தொற்று இருந்தாலோ, அதற்கும் டெனோஃபோவிர் மருந்து என்பதால் அதை விடுவது எளிதல்ல. ஹெபடைடிஸ் பி சோதனை முடிவு இன்னும் வரவில்லை.

இதே நிலையில் தொடங்கியவர்களுக்கு எந்த மருந்து தந்தார்கள்? மெட்ஃபார்மினைக் குறைத்தார்களா? மருத்துவரிடம் நான் என்னென்ன கேட்க வேண்டும்? சிகிச்சையைத் தள்ளிப்போட மனமில்லை, தயவுசெய்து சீக்கிரம் சொல்லுங்கள்.