சார்லட்ஸ் வெப்: நாலாம் வகுப்பில் எப்படி நடத்துவது?

நாலாம்பி எழுதியது:

சிபிஎஸ்இ பள்ளி, நாலாம் வகுப்பு, 28 பிள்ளைகள். துணை வாசிப்புக்கு இ. பி. வைட் எழுதிய 'சார்லட்ஸ் வெப்' நாவலைத் தேர்ந்திருக்கிறார்கள். ஆறு வாரம், திங்கள், புதன், வெள்ளி ஒவ்வொரு பீரியட், 40 நிமிடம். ஆக 18 பீரியடில் 22 அத்தியாயம். கையில் ஏழு பிரதிதான் இருக்கிறது. பாதிப் பேர் வீட்டில் ஆங்கிலம் புழங்குவதில்லை.

எப்படிப் பங்கிட்டால் கடைசி வாரம் மூச்சு முட்டாது? சார்லட் என்ற சிலந்தி, வில்பர் என்ற பன்றிக்குட்டியை வெட்டுக்குப் போகாமல், வலையில் சொற்களை எழுதிக் காப்பாற்றும் கதை. முதல் பக்கத்திலேயே நோஞ்சான் குட்டியைக் கொல்லக் கோடரி வருகிறது, முடிவில் சார்லட் சாகிறது. இந்த இரண்டையும் எப்படிக் கையாள்வது? அத்தியாயத்துக்கு ஒரு ஒர்க்‌ஷீட் வேண்டும் என்று மேலிடத்தில் கேட்கிறார்கள், அது உண்மையிலேயே தேவையா? சிலந்தி வலை செய்ய வைக்கலாம் என்றும் ஒரு யோசனை. செய்து பார்த்தவர்கள் அளவோடு சொன்னால் நல்லது.

கரும்பலகை எழுதியது:

டீச்சர், பங்கீட்டை முதலில் முடித்துவிடலாம். நிதானமாக உரக்க வாசித்தால் ஒரு அத்தியாயம் சராசரி 10 முதல் 15 நிமிடம். 40 நிமிடத்தில் இரண்டு தாங்கும், ஆனால் எல்லா இடத்திலும் இரண்டு இரண்டாகக் கட்டக்கூடாது.

1ஆம் அத்தியாயம் தனி. 2, 3 சேர்த்து. 4 தனியாகவே இருக்கட்டும், ஏனென்றால் அது இருட்டில் ஒரு குரல் 'நான் உனக்குத் தோழியாக இருக்கிறேன், காலையில் பார்' என்று சொல்வதோடு முடிகிறது. அங்கே புத்தகத்தை மூடிவிடுங்கள். குரல் யாருடையது என்று அடுத்த பீரியட் வரை பிள்ளைகளே மண்டையை உடைத்துக்கொள்ளட்டும். பிறகு 5 தனி. 6, 7 சேர்த்து. 8, 9 சேர்த்து. 9இல் வில்பர் வாலில் கயிறு கட்டிக்கொண்டு வலை பின்னப் பார்க்கிறான், ஆகவே ஏழாவது பீரியடை வலை செய்ய ஒதுக்கலாம். 10 தனி, 11 தனி. 12, 13 சேர்த்து, அதற்கடுத்த பீரியட் விளம்பரச் சொற்களுக்கு (கீழே சொல்கிறேன்). 14, 15 சேர்த்து, 16, 17 சேர்த்து, 18, 19 சேர்த்து, 20 தனி. இதோடு ஐந்தாவது வாரம் முடியும். ஆறாவது வாரம் திங்கள் 21, புதன் 22, வெள்ளி விவாதம்.

21ஆம் அத்தியாயம் வெள்ளிக்கிழமையில் விழவே கூடாது. சார்லட் செத்துப்போன இடத்தில் பிள்ளைகளை விட்டுவிட்டு இரண்டு நாள் லீவு விடுவது சரியில்லை. நடுவில் ஒரு பீரியட் பறிபோனால் 14, 15ஐச் சுருக்குங்கள், கடைசி வாரத்தைத் தொடாதீர்கள்.

ஆளுக்கொரு பத்தி வாசிக்கச் சொல்லும் பழக்கம் இந்தப் புத்தகத்துக்கு ஆகாது. திக்கி வாசிக்கிற பிள்ளை கூசிப்போகும். மற்றவர்கள் தன் பத்தி எது என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருப்பார்கள், கதை ஒருவர் காதிலும் ஏறாது. நீங்களே வாசியுங்கள். நாலு பேருக்கு ஒரு பிரதி, ஏழு குழு, சரியாக 28. பக்கம் திருப்புகிறவர் தினமும் மாறட்டும்.

கதையில் வரும் பெண் வாத்தின் பேச்சு மட்டும் வகுப்புக்குச் சொந்தம். அந்த வாத்து எதையும் மும்முறை சொல்லும். அந்த வரி வந்ததும் நீங்கள் கையைக் காட்டினால் வகுப்பே சேர்ந்து சொல்ல வேண்டும். ஆங்கிலம் வராத பிள்ளைக்கும் முதல் வாரத்திலேயே வாய் திறக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. வாசிப்பது ஆங்கிலத்தில், பேசுவது தமிழிலும் இருக்கலாம். வரிக்கு வரி மொழிபெயர்க்க ஆரம்பித்தால் மட்டும் கதை செத்தது.

சொற்பட்டியலும் வேண்டாம். வில்பர் எந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்கிறானோ அது போதும். சார்லட்டே விளக்கிவிடுகிறாள்.

நூலகமூலை எழுதியது:

கோடரி பற்றி. பயந்துகொண்டு அதைத் தாண்டிப் போக வேண்டாம். முதல் அத்தியாயமே ஃபெர்ன் என்ற எட்டு வயதுப் பெண் அப்பாவோடு வாதாடுவதுதான். பிறக்கும்போது நான் சின்னதாக இருந்திருந்தால் என்னையும் கொன்றிருப்பீர்களா என்று கேட்கிறாள். அதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அப்பா பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். ஈற்றில் நோஞ்சான் குட்டிக்கு மடி கிடைக்காது, மற்றவை தள்ளிவிடும், பிழைப்பது கஷ்டம், தீனிச் செலவு வேறு. அப்பா கெட்டவர் இல்லை, விவசாயி. இதைப் பிள்ளைகள் ஏற்றுக்கொண்டால்தான், கிறிஸ்துமஸ் சமயத்தில் வில்பரை வெட்டப்போகிறார்கள் என்று 7ஆம் அத்தியாயத்தில் கிழட்டு ஆடு சொல்கிற செய்தி புரியும். வசந்தத்தில் பிறந்த பன்றியைக் கொழுக்க வைத்துக் குளிர் வந்ததும் வெட்டுவது அந்தப் பண்ணைகளின் வழக்கம். குளிரில் கறி கெடாது, அதுதான் கிறிஸ்துமஸ் கணக்கு.

21ஆம் அத்தியாயத்துக்கு முன்பு ஒரு வேலை இருக்கிறது. அண்மையில் வீட்டில் சாவு நடந்த பிள்ளை வகுப்பில் இருந்தால், அந்த வாரத் தொடக்கத்திலேயே பெற்றோரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். பிள்ளையிடமும் தனியாக, 'இன்றைக்குச் சார்லட் செத்துப்போகும் இடம் வரும், வேண்டுமானால் லைப்ரரியில் உட்காரலாம்' என்று சொல்லலாம். பெரும்பாலும் வகுப்பிலேயே இருக்கத்தான் விரும்புவார்கள்.

வாசிக்கும்போது 'தூங்கிவிட்டது', 'சாமிகிட்ட போச்சு' என்று மழுப்ப வேண்டாம். புத்தகம் செத்தது என்றே சொல்கிறது, பக்கத்தில் யாரும் இல்லை என்றும் சொல்கிறது. வாசித்து முடித்ததும் 'உங்களுக்கு எப்படி இருந்தது' என்று கேட்டால் முதலில் கை தூக்குகிறவன் சொன்னதையே மற்ற இருபது பேரும் சொல்வார்கள். அதற்குப் பதில், சார்லட்டால் திரும்பிவர முடியாது என்று தெரிந்ததும் வில்பர் என்ன செய்தான் என்று கேளுங்கள். அவன் அழுதுகொண்டே இருக்கவில்லை. சார்லட்டின் முட்டைப்பையை எடுத்துத் தரச் சொல்லி டெம்பிள்டன் எலியிடம் பேரம் பேசினான். இனிமேல் தொட்டியில் முதல் வாய் உனக்கு என்று வாக்குக் கொடுத்தான். பையை வாயில் வைத்துக்கொண்டு வீடு வந்தான். துக்கத்தில் இருக்கும் பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள அதில் ஏதோ இருக்கிறது. அன்றைக்கு எழுத்து வேலை கிடையாது. மிச்ச நேரம் படம் வரையட்டும்.

எட்டுக்கால் எழுதியது:

வலை பற்றி நான் சொல்கிறேன். சார்லட்டின் முழுப்பெயர் சார்லட் ஏ. கவாட்டிகா. அரேனியஸ் கவாட்டிகஸ் என்ற உண்மையான சிலந்தி இனத்திலிருந்து எடுத்த பெயர். வட அமெரிக்காவில் கொட்டில் சிலந்தி என்பார்கள். ஆசிரியர் சிலந்தியைப் படித்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறார், ஆகவே அறிவியல் பீரியடையும் தாராளமாக இழுத்துக்கொள்ளலாம்.

தேவை: 20 செ.மீ. காகிதத் தட்டு, விளிம்பில் 16 வெட்டு, வெள்ளைப் பருத்தி நூல் ஆளுக்கு 6 மீட்டர். நூலை 2 மீட்டர் துண்டுகளாக முன்னாலேயே வெட்டி வையுங்கள். முழு நீளத்தைக் கொடுத்தால் பத்தே நிமிடத்தில் சிக்கெடுக்கும் வகுப்பாகிவிடும். தட்டின் நடுவட்டத்தை வெட்டி எடுத்துவிட்டு விளிம்பு வளையத்தை மட்டும் வையுங்கள். எதிரெதிர் வெட்டுகளில் நூலை இழுத்தால் எட்டுக் குறுக்கு இழை, நடுவில் ஒரு முடிச்சு. ஆரங்கள் 16. இதற்கு ஒரு துண்டு சரியாகப் போகும்.

சுருளுக்கு இரண்டு துண்டு. இங்கேதான் எல்லோரும் கூடை முடைவது போல மேலே ஒன்று கீழே ஒன்று என்று விடுவார்கள். 16 இரட்டைப்படை, இரண்டாவது சுற்றும் முதல் சுற்றின் தடத்திலேயே விழும், இழை நிற்காது. சிலந்தி முடைவதில்லை. ஒவ்வொரு ஆரத்திலும் இழையை ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போகும். பிள்ளைகளும் ஒவ்வொரு ஆரத்தையும் ஒருமுறை சுற்றி இழுத்துவிட்டு நகரட்டும். ரொம்ப இறுக்கினால் வளையம் கோணும்.

வேகமாக முடிக்கிற பிள்ளைகளுக்கு நிஜ வரிசையைச் சொல்லுங்கள். சிலந்தி முதலில் ஒட்டாத தற்காலிகச் சுருளை நடுவிலிருந்து வெளியே போடும். பிறகு வெளியிலிருந்து உள்ளே ஒட்டும் சுருளைப் போட்டுக்கொண்டே பழையதை எடுத்துவிடும். தற்காலிகச் சுருள் கிட்டத்தட்ட கட்டடச் சாரம்தான்.

9ஆம் அத்தியாயத்தில் சார்லட் தன் காலின் ஏழு கணுக்களையும் பெயர் சொல்லி அடுக்குகிறாள். எட்டுக் குழு, குழுவுக்கு ஒரு கால், காலுக்கு ஏழு ஸ்ட்ரா துண்டு, நடுவில் நூல் கோத்தால் மடங்கும். மொத்தம் 56 துண்டு. முட்டைப்பையில் 514 முட்டை என்று 19இல் வருகிறது. சார்ட்டில் ஆளுக்கு 18 கேழ்வரகு ஒட்டினால் 504, மிச்சம் பத்து உங்கள் பங்கு. ஃபெவிகாலை நேரே சார்ட்டில் ஊற்ற விடாதீர்கள், ஈர்க்குச்சியால் புள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

நம் ஊர்த் தோட்டங்களில், செடிவேலிகளில் ஆர்ஜியோப் சிலந்தி கிடைக்கும். வலையின் நடுவில் வெள்ளையாக, கோணல்மாணலாக ஒரு 'எக்ஸ்' போட்டு, அதன்மேல் இரண்டிரண்டு கால்களைச் சேர்த்து நீட்டி, தலைகீழாக உட்கார்ந்திருக்கும். ஆங்கிலத்தில் கையெழுத்துச் சிலந்தி என்பார்கள். அமெரிக்காவில் இதன் உறவுக்கார இனத்துக்கு எழுதும் சிலந்தி என்றே பெயர். காலையில் கூட்டிப்போய்க் காட்டுங்கள். வலை சரியாகத் தெரியாவிட்டால் ஸ்ப்ரே பாட்டிலால் ஓரடி தள்ளி நின்று பனி போலத் தூவலாம். மாவு தூவுவார்கள், அது வேண்டாம், வலையின் பசை போய்விடும். பிடித்து டப்பாவில் அடைப்பதும் வேண்டாம்.

கரும்பலகை எழுதியது:

விளம்பரச் சொல் பீரியட் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. 13ஆம் அத்தியாயத்தில், சார்லட் வலையில் எழுதச் சொல் வேண்டும் என்று டெம்பிள்டன் குப்பையிலிருந்து பத்திரிகைத் துண்டுகளைக் கொண்டுவருகிறான். 'க்ரஞ்சி' (மொறுமொறு) வேண்டாம், பன்றிக்கறி ஞாபகம் வரும் என்று சார்லட் தள்ளுகிறாள். 'ப்ரீ-ஷ்ரங்க்' (முன்பே சுருக்கிய துணி) சட்டைக்குத்தான் சரி. சோப்புத்தூள் டப்பாவில் இருந்த 'ரேடியன்ட்' (ஒளிவீசும்) மட்டும் தேறுகிறது. அதையும் அவள் சும்மா எடுக்கவில்லை, வில்பரை ஓடவிட்டு, குட்டிக்கரணம் போடவிட்டுப் பார்த்த பிறகுதான் எழுதுகிறாள்.

பிஸ்கட், சோப்பு, பற்பசை உறைகளை வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்லுங்கள். குழுவுக்கு ஆறு சொல் வெட்டட்டும். வகுப்பில் உள்ள ஒரு பொருளுக்கு, ஃபேனோ டஸ்டரோ, ஒரு சொல்லைச் சூட்ட வேண்டும். அது பொருந்துகிறது என்று கண்முன்னால் ஒரு சோதனையும் செய்து காட்ட வேண்டும். ஆளுக்குப் பெயர் சூட்ட மட்டும் விடாதீர்கள். குண்டாக இருக்கிற பிள்ளையை முதல் வாரத்திலேயே 'வில்பர்' ஆக்கிவிடுவார்கள். நடிப்பில் வில்பர் பாத்திரம் கொடுக்கும்போதும் கவனம் தேவை.

ஒர்க்‌ஷீட்டுக்கு என் பதில், முழுப் புத்தகத்துக்கும் ஒன்றே ஒன்று போதும். டெம்பிள்டன் கணக்கு. நோட்டில் கோடு போட்டு மூன்று பத்தி: என்ன செய்தான், யார் கேட்டார்கள், என்ன கூலி வாங்கினான். சொல் பொறுக்கி வந்ததற்குக் கூலி, வில்பர் உயிரோடு இருந்தால்தான் தொட்டியில் கழனித்தண்ணி கிடைக்கும் என்பது. பொருட்காட்சிக்கு வந்ததற்குக் கூலி, அங்கே சிதறிக் கிடக்கும் தீனி. முட்டைப்பைக்குக் கூலி, தொட்டியில் முதல் வாய். 10ஆம் அத்தியாயத்தில் சார்லட்டைப் பிடிக்க வந்த ஃபெர்னின் அண்ணன் ஏவரி தடுமாறி விழுந்து, எலி பதுக்கிவைத்த அழுகல் முட்டை உடைந்து, அந்த நாற்றத்தில் சார்லட் பிழைத்தாளே, அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று சண்டை வரும். வரட்டும். 20இல் மயங்கி விழுந்த வில்பரின் வாலைக் கடித்து எழுப்புகிறானே, அதை யாரும் கேட்கவில்லை, கூலியும் இல்லை. அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கும் நோட்டுகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, வெள்ளிக்கிழமை விவாதத்தை அங்கிருந்து தொடங்குங்கள்: டெம்பிள்டன் நண்பனா இல்லையா?

மேலிடத்துக்கு எழுத்துச் சான்று வேண்டுமென்றால் இந்த நோட்டையே காட்டலாம். இருபது சின்னக் கேள்விகளைவிட இதில்தான் பிள்ளை படித்திருக்கிறதா என்று தெரியும்.

நாலாம்பி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். பன்றிக் கதை என்றால் சில வீடுகளில் ஆட்சேபணை வருமோ? சினிமாவை எப்போது காட்டுவது?

நூலகமூலை எழுதியது:

ஆட்சேபணை வரும் முன்பே டைரியில் நாலு வரி அனுப்பிவிடுங்கள், டீச்சர். புத்தகத்தின் பெயர், 1952இல் வந்த அமெரிக்க நாவல், ஒரு சிலந்தி தன் நண்பனான பன்றியைச் சாவிலிருந்து காப்பாற்றும் கதை, முடிவில் சிலந்தி இறக்கும். அவ்வளவு போதும். கறி சாப்பிடுவது பற்றி வகுப்பில் பேச்சு எழுந்தால், யார் வீட்டில் என்ன சாப்பிடுகிறார்கள் என்று கேட்டுப் போகாமல், வில்பர் தரப்பு, பண்ணைக்காரர் தரப்பு என்று கதைக்குள்ளேயே நிறுத்துங்கள்.

சினிமா 22 முடிந்த பிறகுதான். முன்னால் காட்டினால் பிள்ளைகள் மனத்தில் படத்தின் குரல்தான் நிற்கும், நீங்கள் வாசிப்பது எடுபடாது. 1973 கார்ட்டூன், 2006 படம் இரண்டிலும் 21ஆம் அத்தியாயக் காட்சியை மட்டும் அடுத்தடுத்துக் காட்டி, புத்தகத்தில் இருந்து எது விடுபட்டது என்று கேட்டால் ஒரு பீரியட் போய்விடும்.

இன்னொன்று. 17ஆம் அத்தியாயத் தலைப்பு 'அங்கிள்'. அது பொருட்காட்சியில் வில்பருக்குப் பக்கத்துப் பட்டியில் நிற்கும் பெரிய பன்றியின் பெயர். நம் பிள்ளைகள் யாரோ மாமா வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள். ஹோமர் அங்கிள் என்று ஏற்கனவே ஒருவர் கதையில் இருப்பதால் குழப்பம் இன்னும் கூடும். அமெரிக்காவில் நீல ரிப்பன்தான் முதல் பரிசு என்பதையும் 16 தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அது தெரியாவிட்டால், நீல ரிப்பன் அங்கிளுக்குப் போனதும், வில்பர் தோற்றது புரியாமல் வகுப்பு கைதட்டும்.