மறு: ரிலையபிலிட்டி – ‘நம்பகத்தன்மை’ போதுமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

> நாளிதழ்களே ‘நம்பகத்தன்மை’ என்று எழுதுகின்றன. துப்பாக்கிக்கு மட்டும் எதற்குப் புதுச் சொல்?

தேவை இருக்கிறது ஐயா. துப்பாக்கியின் ‘ரிலையபிலிட்டி’ என்றால், விசையை இழுக்கும்போதெல்லாம் அது தடைபடாமல் இயங்குவது. நம்பகம் சாட்சிக்கு உண்டு, செய்திக்கு உண்டு. அது நம்புகிறவரின் மனத்தில் இருப்பது. டெக்சஸில் சிறிய கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களோ எண்ணிக்கையில் பேசுகிறார்கள். “ஐந்நூறு சுட்டேன், ஒன்றுகூட உள்ளே சிக்கவில்லை” என்பார்கள். அந்தக் கணக்கைத் தாங்கும் சொல் வேண்டும்.

என் முன்மொழிவு: பொய்க்காமை. மழை பொய்த்தது என்கிறோம். மழை யாரிடமும் பொய் சொல்லவில்லை. வரவேண்டிய நேரத்தில் வரவில்லை, அவ்வளவுதான். விசையை இழுத்தும் வெடிக்காத தோட்டாவும், வெடித்த பிறகு வெளியேறாத உறையும் செய்வது அதையேதான்.

சென்ற ஆண்டு நான் வாங்கிய 9 மி.மீ. குட்டித் துப்பாக்கி இரண்டாவது மேகசினிலேயே பொய்த்தது. (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் கூடுதான் மேகசின். அந்தச் சொல்லுக்குத் தனி விவாத இழை வேண்டும், இன்று வேண்டாம்.) விசை உயிரற்றுக் கிடந்தது. திருப்பிப் பார்த்தால், காலி உறை ஒன்று பாதி மூடிய ஸ்லைடின் (சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேல்பாகம்) வாயில் கடிபட்டு, வானம் பார்த்து நிமிர்ந்து நிற்கிறது. ஓரத்தில் மட்டும் கரி. அமெரிக்கர்கள் இதை ‘ஸ்டோவ்பைப்’, அடுப்பின் புகைக்குழாய், என்கிறார்கள். எனக்கு நட்டுவைத்த கல்லாகத் தெரிந்தது. ‘நடுகல்’ என்று குறித்துக்கொண்டேன். பயிற்சியாளர் துப்பாக்கியைப் பார்க்கவே இல்லை, என் மணிக்கட்டைப் பார்த்தார். குண்டின் எடை 115 கிரெயின் உள்ள தோட்டாவை விட்டு, கனமான 124-க்கு மாறினேன், பிடியையும் இறுக்கினேன். பிறகு சிக்கவில்லை. எது காரணம் என்று கேட்காதீர்கள். இரண்டையும் ஒரே நாளில் மாற்றிய முட்டாள்தனம் என்னுடையது.

குட்டி வகைகளில் இது அதிகம் என்பதற்குக் காரணம் உண்டு. ஸ்லைடு குட்டையானால் எடை குறைகிறது. அதனால் சுருள்வில்லை விறைப்பாக வைக்கிறார்கள். ஸ்லைடு போய்வரும் தூரமும் குறைவு. அந்தச் சொற்ப நேரத்துக்குள் காலி உறை தெறித்து விழ வேண்டும், அடுத்த தோட்டா கீழிருந்து எழும்பி நிற்க வேண்டும். பிடி தளர்ந்தால், கையில் பிடிக்கும் கீழ்ச்சட்டமும் ஸ்லைடோடு சேர்ந்து பின்னால் வருகிறது. ஸ்லைடு தன் முழுத் தூரம் ஓடுவதே இல்லை.

1911 மார்ச்சில் அமெரிக்கப் படை நடத்திய சோதனையில் ஜான் பிரவுனிங் வடிவமைத்த கைத்துப்பாக்கி 6,000 குண்டுகளை ஒரு சிக்கலும் இன்றிச் சுட்டது. சூடேறினால் தண்ணீரில் அமிழ்த்திவிட்டு மேலே தொடர்ந்தார்கள். அதன் குழல் 5 அங்குலம். 1985-இல் கோல்ட் நிறுவனம் அதே வடிவை 3.5 அங்குலக் குழலுக்குக் குறுக்கி ‘ஆஃபிசர்ஸ் ஏசிபி’ என்று விற்றது. பின்னர் 3 அங்குலக் குள்ளர்களும் வந்தார்கள். எந்தத் தோட்டாவைக் கொடுத்தாலும் முகம் சுளிப்பவை என்று அந்தக் குள்ள வகைகள் பெயர் வாங்கியிருக்கின்றன.

இனிக் கணக்கு. 500 சுட்டு ஒன்றும் பொய்க்கவில்லை என்றால், புள்ளியியலின் ‘மூன்றின் விதி’ப்படி 3-ஐ 500-ஆல் வகுக்க வேண்டும். பொய்ப்பு வீதம் 0.6 விழுக்காட்டுக்குள் இருக்கும் என்பதை மட்டுமே 95 விழுக்காடு உறுதியோடு சொல்லலாம். 200-தான் சுட்டீர்கள் என்றால் அது 1.5 ஆகிவிடும். குட்டித் துப்பாக்கிகள் செய்யும் காஹ்ர் நிறுவனமோ முதல் 200 குண்டுகளைத் துப்பாக்கியைப் பழக்குவதற்கென்றே ஒதுக்கச் சொல்கிறது. (மாட்டை வண்டிக்குப் பழக்குவதுபோல; இதற்கு வேறு சொல் தேட வேண்டாம்.) பொய்ப்பு, பொய்ப்பு வீதம், பொய்க்காமை என்று ஒரே வேரில் குடும்பமே கிளைப்பதைக் கவனியுங்கள். ‘நம்பகத்தன்மை’யிலிருந்து இப்படி ஒன்றைக் கிள்ளி எடுங்கள் பார்ப்போம்.

அன்புடன்,
ஆஸ்டினிலிருந்து

—

ஐயா, பொய்யாமை என்றால் பொய் பேசாமை. குறளிலேயே இருக்கிறது. மாணவர் குழம்ப மாட்டாரா? அடுத்து, மணிக்கட்டுத் தளர்ந்ததால் சிக்கினால் பொய்த்தது துப்பாக்கியா, கையா? அதைக் கணக்கில் சேர்ப்பீர்களா? நடுகல் வேண்டவே வேண்டாம். மாண்ட வீரனுக்கு நட்ட கல்லைப் பித்தளை உறைக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

—

அம்மா, குறளில் இருப்பது பொய்யாமை. நான் கேட்பது பொய்க்காமை. நடுவில் நிற்கும் ‘க்கா’தான் வேலி. மழை பொய்க்காமல் பெய்தது என்று எழுதும்போது எந்த மாணவரும் குழம்புவதில்லை.

கையின் பிழையைச் சேர்ப்பதா என்பதில் துப்பாக்கிக்காரர்களே இரண்டு கட்சி. நான் சேர்க்கும் கட்சி. தற்காப்புக்கென்று இடுப்பில் செருகிய பொருள், கை காயம்பட்ட நாளிலும், ஒற்றைக் கையால் சுட நேர்ந்தாலும் இயங்க வேண்டும். பெரிய துப்பாக்கி மன்னிக்கிற பிடியைச் சிறியது மன்னிக்காது என்றால், அது சிறியதின் கணக்கில்தான் ஏற வேண்டும். பட்டியலில் ‘கைவழிப் பொய்ப்பு’ என்று தனிப் பத்தி போட்டால் இரு கட்சிக்கும் வழக்கு முடியும்.

நடுகல்லை விட்டுக்கொடுக்கிறேன். ‘நிமிருறை’ எப்படி? வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். எனக்கு அந்த ‘ருறை’தான் நாக்கில் இடறுகிறது.