ஈஸ்டர் விருந்தின் கோப்பையில் பாலும் முட்டையுமா, பழமும் ஷாம்பெயினுமா?

கரையோரத்தாள்:

அன்பர்களுக்கு வணக்கம். நான் நியூ ஆர்லியன்ஸில் வசிக்கிறேன். வரும் ஈஸ்டர் எனும் உயிர்ப்பு ஞாயிறன்று காலைத் திருப்பலி முடிந்ததும் 14 பேர் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். 11 மணிக்குத் தொடங்கி 2 மணிவரை நீளும், காலை உணவையும் மதிய உணவையும் ஒன்றாக்கிய பிரன்ச். உணவைப் பற்றி எனக்குக் கவலையில்லை. பருகுவதற்கு என்ன தருவது என்பதில்தான் வீடு இரண்டுபட்டு நிற்கிறது. ஷாம்பெயினும் ஆரஞ்சுச் சாறும் கலந்த மிமோசா போதும் என்று நான் எண்ணியிருந்தேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த என் மாமியாரோ, ஈஸ்டர் காலையில் பிராந்தியும் பாலும் சர்க்கரையும் கலந்த பிராந்தி மில்க் பஞ்ச் இல்லையென்றால் அது விருந்தே ஆகாது என்கிறார். வருபவர்களில் 3 பேர் குழந்தைகள்; ஒருவர் கருவுற்றிருக்கிறார்; சிலர் காரோட்டித் திரும்ப வேண்டும். உங்கள் கருத்தைக் காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

ஜாதிக்காய்:

கோப்பையில் பால்தான் வேண்டும் என்பதில் நான் உங்கள் மாமியார் பக்கம். ஈஸ்டர் என்பது வசந்தத்தில் வரும் ஏதோ ஒரு ஞாயிறு அல்ல. 40 நாள் தவக்காலம் முடிந்து, விலக்கி வைத்த உணவெல்லாம் மேசைக்குத் திரும்பி வரும் நாள். இன்றைய கத்தோலிக்கர்கள் பெரும்பாலும் தவக்கால வெள்ளிகளில் இறைச்சியைத் தவிர்ப்பதோடு நிறுத்திக்கொண்டாலும், இடைக்கால ஐரோப்பாவில் முட்டையும் பாலும் வெண்ணெயும்கூட விலக்கப்பட்டிருந்தன. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்திய நாளில் ஆங்கிலேயர்கள் பான்கேக் சுடும் வழக்கம், வீட்டில் எஞ்சியிருந்த முட்டையையும் வெண்ணெயையும் தீர்ப்பதற்காக வந்ததுதான். பிரான்சின் ரூவான் பேராலயத்தில் ‘வெண்ணெய்க் கோபுரம்’ என்ற பெயரில் ஒரு கோபுரமே நிற்கிறது. தவக்காலத்தில் வெண்ணெய் உண்ண அனுமதி பெற்றவர்கள் அதற்கு ஈடாகக் கொடுத்த காணிக்கையில் எழுந்தது என்பதால் அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அத்தனை ஏக்கத்தோடு மனிதர்கள் காத்திருந்த பொருள்கள் இவை.

அந்த ஏக்கம் தீர்ந்த மகிழ்ச்சியைத் தாங்கும் கோப்பை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1888இல் ஹென்றி ராமோஸ் தம் இம்பீரியல் கேபினெட் மதுக்கூடத்தில் உருவாக்கிய ராமோஸ் ஜின் ஃபிஸ்ஸைத்தான் சொல்கிறேன். ஜின் 60 மில்லி, மஞ்சள் எலுமிச்சை, பச்சை எலுமிச்சை இரண்டின் சாறும் 15 மில்லி வீதம், சர்க்கரைப்பாகு 30 மில்லி, கிரீம் 30 மில்லி, ஒரு முட்டையின் வெள்ளைக்கரு, சில துளி ஆரஞ்சுப்பூ நீர். முதலில் ஐஸ் இல்லாமலும் பிறகு ஐஸோடும் கை சோரும்வரை குலுக்கி, உயரமான கண்ணாடிக் குவளையில் வடித்து, ஓரிரு நிமிடம் குளிர்பெட்டியில் வைத்தபின் நடுவில் மெல்லச் சோடாவை ஊற்றினால், வெண்ணுரை குவளையின் விளிம்பைத் தாண்டி எழுந்து சரியாமல் நிற்கும். ஈஸ்டர் காலைக்கு இதைவிடப் பொருத்தமான காட்சியை நான் அறியேன்.

இளவேனில்:

நண்பர் ஜாதிக்காய் அவர்களின் வரலாற்றை மறுக்க நான் வரவில்லை. ஆனால், விருந்து தருபவரின் நிலையை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. ராமோஸின் கடையில் 1915ஆம் ஆண்டு, தவக்காலத்துக்கு முந்திய மார்டி கிரா திருவிழாவின்போது 35 பேர் வரிசையாக நின்று குலுக்கினார்கள் என்பது அந்தப் பானத்தைப் பற்றி எல்லோரும் சொல்லும் செய்தி. நம் சகோதரியின் அடுக்களையில் இரண்டு கைகள்தான் இருக்கின்றன. கோப்பைக்கு 5 நிமிடம் என்றாலும், 10 பேருக்குக் கலந்து முடிப்பதற்குள் மேசையில் உணவு ஆறிவிடும். விருந்தினர்கள் முற்றத்தில் பேசிக்கொண்டிருக்க, அழைத்தவர் மட்டும் குலுக்கும் குவளையான ஷேக்கரோடு தனியே நிற்க வேண்டியதுதான்.

அடுத்தது போதையின் அளவு. ஷாம்பெயின் 75 மில்லி, ஆரஞ்சுச் சாறு 75 மில்லி சேர்ந்த மிமோசாவில் தூய ஆல்கஹால் 9 மில்லி. ஜின்னோ பிராந்தியோ 60 மில்லி சேர்ந்த கோப்பையில் 24 மில்லி. பகல் 11 மணிக்கு, பாதி வெறும் வயிற்றில், காரோட்டிப் போக வேண்டியவர்களுக்கு எதைக் கொடுப்பீர்கள்? பாலும் சர்க்கரையும் பிராந்தியின் காரத்தை மறைத்துவிடும் என்பதால், எவ்வளவு குடித்தோம் என்பது குடிப்பவருக்கே தெரியாது என்பது இன்னும் கவலைக்குரியது.

பிரன்ச் என்ற சொல்லையே 1895இல் கை பெரிங்கர் என்ற ஆங்கில எழுத்தாளர் ஒரு கட்டுரையில்தான் முதலில் முன்வைத்தார். கோவிலுக்குப் போய்வந்ததும் உண்ணும் கனத்த ஞாயிறு உணவுக்கு மாற்றாக, தேநீரும் மார்மலேடுமாக எளிதாகத் தொடங்கும் ஒரு வேளையை அவர் விரும்பினார். அந்த வேளையின் தொடக்கத்திலேயே கிரீமையும் முட்டையையும் கோப்பையில் ஊற்றுவது அதன் நோக்கத்துக்கே மாறானது. பழமும் நுரைக்கும் வைனும் போதும். மிமோசா சலித்துவிட்டால், 1948இல் வெனிஸ் நகரின் ஹாரிஸ் பாரில் ஜுசெப்பே சிப்ரியானி உருவாக்கிய பெல்லினி இருக்கிறது. வெள்ளைப் பீச் பழக்கூழும் ப்ரொசெக்கோ என்ற இத்தாலிய நுரைக்கும் வைனும் சேர்ந்தால் வசந்தமே கோப்பைக்குள் வந்துவிடும்.

ஜாதிக்காய்:

வசந்தத்தின் பெயரால் பெல்லினியைப் பரிந்துரைத்திருக்கிறீர்கள். பீச் வசந்தப் பழமா? வெள்ளைப் பீச் கோடையில் பழுப்பது. ஈஸ்டரோ மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் இடையில் வருவது. 2026இல் ஏப்ரல் 5ஆம் நாள். அன்றைக்கு உங்கள் பெல்லினியில் இருக்கப்போவது டப்பாவில் அடைத்த சென்ற ஆண்டுக் கோடைதான்.

மிமோசாவைப் பற்றி என் குறை வேறு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடுதியின் ஈஸ்டர் விருந்துக்குப் போயிருந்தேன். அட்டைப்பெட்டிச் சாற்றையும் காற்றுப்போன மலிவு வைனையும் முன்கூட்டியே கலந்து கூஜாவில் நிரப்பி வைத்திருந்தார்கள். அன்னையர் நாளிலும் அதுதான், புத்தாண்டிலும் அதுதான், அடுத்த ஞாயிறும் அதுதான். எந்த நாளுக்கும் பொருந்தும் பானம் எந்த நாளுக்கும் உரியதாகாது. 40 நாளைக் கடந்து வந்தவர்களின் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ராமோஸை 10 பேருக்குக் குலுக்க முடியாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். எனக்குப் பிடித்தது என்ற காரணத்தால் அவசரப்பட்டுவிட்டேன்.

ரைன்கரையான்:

நான் ஜெர்மனியின் பான் நகரத்தில் இருக்கிறேன். முட்டைப் பானத்துக்குக் குலுக்கல் தேவையே இல்லை. இங்கே ஈஸ்டர் நெருங்கினால் கடைகளில் ஐயர்லிக்கர் அடுக்கப்பட்டுவிடும். முட்டையின் மஞ்சள் கரு, சர்க்கரை, சாராயம் சேர்ந்த கெட்டியான மது அது. ஐரோப்பிய விதிப்படி ஒரு லிட்டரில் குறைந்தது 140 கிராம் தூய மஞ்சள் கரு இருக்க வேண்டும், ஆல்கஹால் 14 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. இந்த ஊரின் ஃபெர்போர்ட்டன் நிறுவனம் 1876இல் தொடங்கப்பட்டது. உட்புறம் சாக்லேட் பூசிய சிறு வேஃபர் கிண்ணங்களில் அதை ஊற்றித் தருவார்கள். குடித்துவிட்டுக் கிண்ணத்தையும் தின்றுவிடலாம். ஒரு கிண்ணம் என்பது இரண்டு மடக்குத்தான் என்பதால், நண்பர் இளவேனில் அஞ்சும் அளவுக்குப் போதையும் ஏறாது.

இளவேனில்:

பீச் பற்றிய திருத்தத்தை நன்றியோடு ஏற்கிறேன், பெல்லினியை விட்டுவிடுகிறேன். அதன் இடத்தில் ரொஸ்ஸினியை வைக்கிறேன். பீச்சுக்குப் பதில் ஸ்ட்ராபெர்ரி. நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டரில் உள்ள போன்சட்டூலாவில் ஏப்ரல் மாதம் ஸ்ட்ராபெர்ரிக்கென்றே விழா எடுக்கிறார்கள். அந்தப் பழத்துக்குச் சரியான பருவம் இதுதான். கோப்பைக்குக் கூழ் 50 மில்லி, ப்ரொசெக்கோ 100 மில்லி. 10 பேருக்கு இரண்டு கோப்பை வீதம் 3 பாட்டில் போதும். கூழை முதல்நாளே அரைத்து, விதை நீங்க வடிகட்டிக் குளிரவைத்துவிட்டால், காலையில் ஊற்றுவது மட்டும்தான் வேலை. வைனை மட்டும் அந்தந்தக் கோப்பையில் அப்போதே ஊற்ற வேண்டும். கூஜாவில் கலந்து வைத்தால் ஜாதிக்காய் கண்ட அதே காற்றுப்போன நீர்தான் மிஞ்சும்.

இப்போது அவருடைய அடிப்படைக்கு வருகிறேன். விலக்கியது திரும்பி வரும் நாள் என்கிறார். நம் சகோதரியின் வீட்டில் இந்தத் தவக்காலத்தில் யார் பாலை விலக்கினார்கள்? காலை காபியில் 40 நாளும் பால் இருந்தது. விட்டுக்கொடுக்காத ஒன்றைத் திரும்பப் பெற்றதாகக் கொண்டாடுவது எனக்கு உண்மையாகப் படவில்லை. ஸ்ட்ராபெர்ரியோ, காத்திருந்து இந்தப் பருவத்தில்தான் மண்ணிலிருந்து திரும்பி வந்திருக்கிறது. உயிர்ப்பின் அடையாளம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அதைச் சொல்வேன்.

ஐயர்லிக்கர் பற்றி ஒரு சொல்: கருவுற்றவர் இருக்கும் வீட்டில் மதுவும் பச்சை முட்டையும் அவருக்கு எட்டாத தனி உலகமாகிவிடும். ராமோஸுக்கும் அது பொருந்தும். செய்தே ஆக வேண்டுமென்றால் ஓட்டோடு பாஸ்டரைஸ் செய்த, அதாவது கிருமி சாக மிதமாகச் சூடாக்கிய முட்டையை வாங்குங்கள். அதன் வெள்ளைக்கரு நுரைக்கச் சற்று அதிக நேரம் பிடிக்கும்.

ஜாதிக்காய்:

இந்தக் கேள்விக்காக நான் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன். இதை யோசிக்காமலேயே இத்தனை நாள் பேசி வந்திருக்கிறேன். என் பதில் இது: முட்டைக்குச் சாயம் பூசும் குழந்தைகளும் முட்டையை விலக்கியவர்கள் அல்லர். ஆனாலும் அந்த முட்டை பொய்யாகிவிடவில்லை. முன்னோர் காத்த நோன்பின் நினைவை, அந்த நோன்பைக் காக்காத நாமும் உணவின் வழியாகவே கைமாற்றிக்கொள்கிறோம். அந்த மாமியார் மில்க் பஞ்ச் கேட்பதும் அவர் பாலுக்கு ஏங்கியதால் அல்ல. அவருடைய தாய் வீட்டில் அந்தக் காலையில் அதுதான் இருந்திருக்கும் என்பதால்.

நீங்கள் சொன்ன போதைக் கணக்கு சரியானது. அதனால் பிராந்தியைப் பாதியாக்குங்கள். பிராந்தி 30 மில்லி, கொழுப்பு நீக்காத பால் 120 மில்லி, மாவாக்கிய சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி, சில துளி வனிலா, மேலே துருவிய ஜாதிக்காய். ஆல்கஹால் 12 மில்லியாக இறங்கிவிடும்; உங்கள் ரொஸ்ஸினியில் 11. எலுமிச்சை சேராததால் பால் திரியாது. முட்டை இல்லாததால் அச்சமும் இல்லை. முந்திய இரவே மொத்தமாகக் கலந்து, பரிமாறுவதற்குச் சில மணிநேரம் முன்பு உறைபெட்டியில் வைத்துவிட்டால் பாதி உறைந்து கூழ்போல நிற்கும். நியூ ஆர்லியன்ஸில் அப்படிப் பரிமாறுவதும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, பிராந்தி சேர்க்காத ஒரு கூஜா தனியே இருந்தால் குழந்தைகளும் கருவுற்றவரும் காரோட்டுபவரும் அதே நிறத்தில், அதே குவளையில், அதே ஜாதிக்காய் மணத்தோடு பருகுவார்கள். ப்ரொசெக்கோ இல்லாத ரொஸ்ஸினி வெறும் பழச்சாறு. பிராந்தி இல்லாத மில்க் பஞ்ச் அப்போதும் விருந்துப் பானம்தான்.

பெஞ்சமின் பிராங்க்ளின் 1763இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், 44 எலுமிச்சையின் தோலைப் பிராந்தியில் ஊறவைத்து, சூடான பாலைச் சேர்த்துத் திரியவிட்டு, துணியில் வடித்துத் தெளிவாக எடுக்கும் மில்க் பஞ்ச் ஒன்றைச் சொல்கிறார். சுவையானது, பல மாதம் கெடாமல் இருக்கும். ஆனால் அதில் பாலின் கெட்டித்தன்மை போய்விடுகிறது. ஈஸ்டருக்கு அதை நான் சொல்ல மாட்டேன்.

கரையோரத்தாள்:

அனைவருக்கும் நன்றி. நேற்று மாலை மூன்றையும் செய்து பார்த்தேன். ராமோஸுக்கு 6 நிமிடம் குலுக்கினேன். ஷேக்கரின் வெளிப்புறம் பனி படர்ந்து விரல்கள் மரத்துப்போயின. சோடாவை அவசரப்பட்டு ஊற்றியதால் நுரை ஒரு பக்கம் சரிந்து மேசையில் வழிந்தது. சுவை அருமை, 10 பேருக்கு என்னால் முடியாது. ரொஸ்ஸினியை என் கணவர் மிகவும் விரும்பினார்.

ஆனாலும் மில்க் பஞ்ச்சைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன். இரண்டு கூஜாக்களையும் மேசையில் வைத்தபோது, என் 6 வயது மகள் பிராந்தி இல்லாததை ஊற்றிக்கொண்டு பாட்டியின் குவளையோடு தன் குவளையை மோதினாள். தனக்கும் பெரியவர்களின் பானம் கிடைத்துவிட்டது என்று அவள் முகம் மலர்ந்தது. அதற்குப் பிறகு எனக்கு ஐயம் எழவில்லை. பிராந்திக் கூஜாவின் கழுத்தில் சிவப்பு நாடா கட்டிவிடுவேன். அதைப் பெரியவர்கள் மட்டுமே எடுத்து ஊற்றுவார்கள். மாமியார் பாதிப் பிராந்தியை ஏற்கவில்லை. அவருக்கு மட்டும் மேலும் 30 மில்லி தனியே ஊற்றித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

இளவேனில்:

என் கருத்தில் மாற்றமில்லை. பருவத்தின் பழம் மேசையில் இல்லாத ஈஸ்டர் விருந்து எனக்குக் குறைபட்டதாகவே தோன்றுகிறது. ஸ்ட்ராபெர்ரியைக் கழுவி, காம்போடு ஒரு தட்டிலாவது வையுங்கள். மில்க் பஞ்ச்சுக்குத் துருவி அடைத்து விற்கும் ஜாதிக்காய்த் தூளை வாங்காதீர்கள். முழுக் காயையும் சிறு துருவலையும் மேசைக்கே கொண்டுபோய், ஒவ்வொரு குவளையின் மேலும் அப்போதே துருவுங்கள். உங்கள் மகளிடம் அந்த வேலையைக் கொடுத்தால், துருவலின் அருகில் விரல் போகாமல் ஒருவர் கூடவே நிற்கட்டும்.