புதுப்பிப்பு: நிறம் குறித்து முன்பு எழுதியதன் தொடர்ச்சி

கல்லடியில் நடந்த உறவினர் திருமணத்தில், பலர் முன்னிலையில் ஒரு மாமி, "இந்தக் கறுப்புக்கு ஆரு புள்ள கேட்டு வருவான்?" என்று சொன்னதையும், அதன் பின் நான் வெள்ளையாக்கும் கிரீம் பூசத் தொடங்கியதையும் முன்பு எழுதியிருந்தேன். பலர் அக்கறையோடு விசாரித்ததால் இதை எழுதுகிறேன்.

கிரீமை நிறுத்திவிட்டேன். அந்த டப்பாவில் உட்பொருட்களின் பட்டியலோ தயாரித்தவரின் முகவரியோ இல்லை. இத்தகைய கிரீம்கள் சிலவற்றில் சேர்க்கப்படும் பாதரசம், தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதைத் தடுப்பதோடு உடலில் ஊறிச் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியது. அதனால்தான் பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை, பத்து இலட்சத்தில் 1 பங்குக்கு மேல் பாதரசம் கொண்ட அத்தகைய அழகுசாதனங்களை ஒழிக்க 2020ஆம் ஆண்டை எல்லையாக வைத்தது. மட்டக்களப்பு வெயிலில் தோலைக் காக்கும் மெலனினையே குறையென்று சொல்லிப் பெண்களிடம் வியாபாரம் செய்வது எனக்குப் பெருங்கோபத்தைத் தருகிறது.

இப்போது கண்ணாடியில் நிதானமாகப் பார்க்கிறேன்: அம்மம்மாவின் அகன்ற நெற்றி, எண்ணெய் பட்டதும் கன்னத்தில் தெரியும் செம்பு மினுக்கம். அவை எனக்குப் பிடித்திருக்கின்றன.

அதே மாமி அண்மையில் வீட்டுக்கு வந்து மீண்டும் தொடங்கியபோது, "இது என்ட நிறம் மாமி, எனக்கு விருப்பம்" என்றேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார். காயம் முழுவதும் ஆறவில்லை. ஆயினும், எனக்கு எடுபடாது என்று எல்லோரும் தடுத்த மஞ்சள் சாறியை மாமாங்கக் கோயில் தீர்த்தத் திருவிழாவுக்கு உடுத்தப் போகிறேன்.