எண்ட்ரோடியூசிங்: சாம்பிள்களால் கட்டிய ஆல்பம் யாருடைய இசை?

வினைல்ராசா:
போன வாரம் இங்கே டிஜே ஷேடோ என்ற அமெரிக்க இசைக்கலைஞர், பழைய ரெக்கார்டுகளிலிருந்து எடுத்த ஒலித்துண்டுகளால் (சாம்பிள்) கட்டிய 'எண்ட்ரோடியூசிங்' ஆல்பம் (1996) பற்றிப் பேச்சு வந்தபோது, "பழைய ரெக்கார்டுகளை வெட்டி ஒட்டியதெல்லாம் இசையா" என்று தாளக்கட்டு சார் கேட்டிருந்தார். அதற்குத்தான் இந்த இழை.

அதிலுள்ள 'மிட்நைட் இன் எ பெர்ஃபெக்ட் வேர்ல்ட்' பாட்டைக் கேளுங்கள். பியானோ, அமெரிக்க இசையமைப்பாளர் டேவிட் ஆக்சல்ராடின் 1969 ஆல்பத்திலிருந்து வருகிறது. இன்னொரு துண்டு பின்லாந்தின் பெக்கா பொஹ்யோலா 1974இல் போட்ட ரெக்கார்டு. அந்த இரண்டையும் தேடிக் கேட்டேன். இரண்டும் அருமை. ஆனால் ஷேடோவின் பாட்டில் இருக்கும் அந்த நடுநிசித் தனிமை இரண்டிலுமே இல்லை. அப்படியானால் அது எங்கிருந்து வந்தது? அவர் வைத்திருந்த எம்பிசி 60 என்ற சாம்பிளரில் (ஒலித்துண்டுகளைப் பதிந்து வாசிக்கும் கருவி) நினைவகத்தைக் கூட்டினாலும் மொத்தம் 26 நொடி ஒலிதான் நிற்கும். எதை எடுப்பது, எதை விடுவது என்பதில்தான் முழு வேலையும்.

தாளக்கட்டு:
இருபது வருடமாக டிரம்ஸ் வாசிக்கிறேன் தம்பி. ஆல்பம் நன்றாகத்தான் இருக்கிறது, மறுக்கவில்லை. என் கோபம் வேறு. ஸ்னேர் டிரம்மில் ஒரு அடி எவ்வளவு கனமாக விழ வேண்டும், அடுத்த அடி மயிரிழை தாமதமாக வரலாமா என்பது கைக்கு வர வருடக்கணக்காகும். சாம்பிளில் பிடிபடுவது அந்தக் கைதான். ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் டிரம்மர் கிளைட் ஸ்டபுள்ஃபீல்ட் வாசித்த தாளம் எத்தனை ஹிப்ஹாப் பாட்டில் சாம்பிளாக ஓடியது! உரிமை பிரவுனிடம் இருந்தது. வாசித்த மனிதருக்கு ராயல்டி இல்லை.

வினைல்ராசா:
சரி, ஆனால் அந்த அநியாயத்தைச் செய்தது ஒப்பந்தம், சாம்பிளர் இல்லையே. 1991இல் ராப் பாடகர் பிஸ் மார்க்கி அனுமதியில்லாமல் சாம்பிள் எடுத்த வழக்கில் நியூயார்க் நீதிபதி "திருடாதே" என்ற பைபிள் கட்டளையோடுதான் தீர்ப்பையே தொடங்கினார். 2005இல் இன்னொரு அமெரிக்க நீதிமன்றம், இரண்டு நொடி கிடார் ஒலியை எடுக்கவும் அனுமதி வேண்டும் என்றது. இதனால் டிரம்மருக்குப் பணம் போனதா? ரெக்கார்டு உரிமை வைத்திருப்பவர்களுக்குத்தான் போனது. கையில் காசில்லாத பையன்கள் இப்படி ஒரு ஆல்பம் செய்வதுதான் கஷ்டமாகிப்போனது.

சாக்ரமெண்டோரசிகை:
ஒரு விஷயம் சேர்க்கிறேன். 'எண்ட்ரோடியூசிங்' வெளியிட்ட அதே மோ'வேக்ஸ் நிறுவனம்தான் 2001இல் ஆக்சல்ராடின் புது ஆல்பத்தையும் வெளியிட்டது. சாம்பிள் எடுத்தவர்கள் வழியாகத்தான் ஒரு புதுத் தலைமுறை அவரைக் கண்டுபிடித்தது. நானும் அந்த வழியாகத்தான் அவரிடம் போனேன்.

தாளக்கட்டு:
ஆக்சல்ராட் பாட்டை எழுதியவர்மா. அவர் பெயர் அட்டையிலேயே இருக்கும், தேடினால் கிடைப்பார். நான் பேசுவது பின்னால் உட்கார்ந்து வாசித்தவர்களைப் பற்றி. வின்ஸ்டன்ஸ் குழுவின் 1969 ரெக்கார்டில் டிரம்மர் கிரிகரி கோல்மன் வாசித்த நாலு பார் (தாளச் சுற்று), சுமார் ஏழு நொடிதான் வரும், எண்ணற்ற பாட்டுகளில் சாம்பிளான அதைத்தான் உலகமே 'ஆமென் பிரேக்' என்கிறது. 2015இல் ரசிகர்கள் சேர்ந்து 24,000 பவுண்டு திரட்டி அந்தக் குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சரிடம் கொடுத்தார்கள். நல்ல மனசு, சந்தோஷம். கோல்மன் 2006இலேயே போய்விட்டார், தங்க ஒரு வீடுகூட இல்லாமல்.

வினைல்ராசா:
இதற்கு என்னிடம் பதில் இல்லை அண்ணா. ஆல்பம் படைப்புதான் என்பதில் மாறவில்லை. ஆனால் அதில் டிரம்ஸ் வாசித்தவர்கள் யார் யார் என்று இன்று இரவு தேடி, கிடைக்கும் பெயர்களை இங்கேயே போடுகிறேன். காதால் கேட்டு அடையாளம் சொல்ல நீங்களும் கூட இருங்கள்.