சாய்வுக் கூரையில் பதித்த லைட்டுகள், இன்சுலேஷனை எப்படிக் கூட்டுவது?

கேள்வி:
மாடி அறையின் சீலிங் கூரைச் சாய்வோடு சேர்ந்தே இறங்குகிறது, அதற்குள் 8 லைட்டுகள் பதித்திருக்கிறார்கள். வெயிலில் அறை கொதிக்கிறது, குளிரில் விறைக்கிறது. ஒரு லைட்டைக் கழற்றிப் பார்த்தேன், சுற்றிலும் சூட்டையும் குளிரையும் தடுக்கும் கண்ணாடி இழைப் பஞ்சு இல்லவே இல்லை, வெறும் இடைவெளிதான். அதில் பஞ்சை அடைத்துவிடலாமா?

பதில் 1:
அவசரப்பட்டு அடைக்காதீர்கள்! லைட்டின் உள்பக்க லேபிளில் 'ஐசி' (IC, இன்சுலேஷன் தொடலாம் என்ற குறி) என்று இருந்தால்தான் பஞ்சு அதைத் தொடலாம். இல்லையென்றால் சுற்றிலும் 3 அங்குலம் விட வேண்டும், மேலேயும் மூடக்கூடாது, சூடு வெளியேற வழியில்லாமல் தீப்பிடிக்கலாம்.

பதில் 2:
காற்றுக் கசிவையும் பாருங்கள், எனக்கு அதுதான் பெரிய பிரச்சினையாக இருந்தது. பழைய லைட் டப்பாக்களின் ஓட்டைகள் வழியே அறையின் ஈரக்காற்று மேலே ஏறி, குளிர்ந்த கூரைப் பலகையில் நீராகப் படிந்து, கடைசியில் மரமே உளுத்துவிடும். எல்லாவற்றையும் எடுத்துவிட்டுக் காற்றுப் புகாத, தட்டையான எல்இடி வைத்தேன்.

கேட்டவர்:
ஐசி என்று எங்கும் இல்லை. சரி, மாற்றிவிடுகிறேன். ஆனால் ராஃப்டர் (கூரையைத் தாங்கும் சாய்வு மரம்) ஆழம் 6 அங்குலம்தானே, அதற்குள் பஞ்சு போதுமா?

பதில் 1:
கூரைக்குக் காற்றோட்ட வழி இருந்தால் கூரைப் பலகைக்கு அடியில் 1 அங்குலமாவது காலியாக விடுங்கள். அதனால் பஞ்சு குறைவதை ஈடுகட்ட சீலிங்குக்குக் கீழே ஃபோம் பலகை அடிக்கலாம், ராஃப்டர் மரம் வழியாகக் கடக்கும் சூடும் குறையும். அப்புறம், ஃபோமைத் திறந்தபடி விடாதீர்கள், அதன்மேல் ஜிப்சம் போர்டு கட்டாயம்.