தானறி மதிப்பீடு: தொடக்கப்பள்ளி வகுப்பறைக்கு ஒரு சொல்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

தொடக்கப்பள்ளிக் குழந்தைகள் தம் கற்றலைத் தாமே மதிப்பிடும் முறைக்குப் பெயர் தேடித் தொடங்கிய இந்த இழையில் இதுவரை சுயமதிப்பீடு, தன்மதிப்பீடு, தற்கணிப்பு என மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றிலும் எனக்குத் தயக்கம் உண்டு. காரணங்களைச் சொல்லிவிட்டு நான்காவதாக ஒன்றை முன்வைக்கிறேன்.

> சுயமதிப்பீடு எல்லோருக்கும் தெரிந்த சொல்தானே? புதிதாக எதற்கு?

தெரிந்த சொல்தான், ஆனால் அது வேறு இடத்தில் தெரிந்த சொல். சொத்து வரிக்கு நாம் நிரப்பும் படிவமும் அலுவலகத்தில் ஆண்டுக்கு ஒருமுறை எழுதித் தரும் பணி அறிக்கையும் இந்தப் பெயரில்தான் வழங்குகின்றன. இரண்டிலும் நாம் நம்மைப் பற்றி ஒன்றைச் சொல்கிறோம், மேலிருக்கும் ஒருவர் அதைச் சரிபார்த்து ஏற்கிறார் அல்லது திருத்துகிறார். இந்தப் பழக்கத்தோடு வகுப்பறைக்குள் நுழைந்தால், குழந்தை தனக்குத் தானே மதிப்பெண் போட்டுக்கொள்வதும் ஆசிரியர் அதைக் குறைப்பதும்தான் இம்முறை என்று ஆகிவிடும். தாளின் ஓரத்தில் சிரித்த முகமோ சோர்ந்த முகமோ வரையச் சொல்லிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதும் இதன் தொடர்ச்சியே. எட்டு வயதுக் குழந்தைகளில் பலர் எப்போதும் சிரித்த முகத்தையே வரைவார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

பெயர் வேண்டியிருப்பது வேறொரு செயலுக்கு. மூன்றாம் வகுப்பில் 52-லிருந்து 27-ஐக் கழிக்கும் ஒரு குழந்தை 35 என்று விடை எழுதுகிறது. ஆசிரியர் சிவப்புக் கோடு போடாமல், செய்த கணக்கைக் கூட்டிச் சரிபார்க்கும்படி சொல்கிறார். 35-உடன் 27-ஐக் கூட்டினால் 62 வருகிறது. குழந்தை தன் தாளை மறுபடி பார்த்து, "பன்னெண்டுல ஏழு போச்சு, அஞ்சு. ஆனா பக்கத்துல கடன் வாங்கினதைக் குறைக்கல, டீச்சர்" என்கிறது. பிழை எந்த இடத்தில் நேர்ந்தது என்பதை அதுவே கண்டது; கடன் வாங்கியதும் 52-இன் ஐந்தை அடித்துவிட்டு நான்கு என்று மேலே எழுதிக்கொள்ள வேண்டும் என்பதும் அதற்குத் தெரிந்துவிட்டது. இவ்வளவு நேரமும் மதிப்பெண் என்ற பேச்சே எழவில்லை.

ஆஸ்திரேலியக் கல்வியாளர் ராய்ஸ் சாட்லர் 1989-இல் இதைத்தான் மூன்று தேவைகளாகப் பிரித்துக் காட்டினார்: எட்ட வேண்டிய தரம் எது என்பதைக் கற்பவர் உணர்ந்திருக்க வேண்டும், தன் வேலையை அந்தத் தரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிய வேண்டும், இடைவெளியைக் குறைக்க ஏதேனும் செய்ய வேண்டும். 1998-இல் பிரித்தானியக் கல்வியாளர்கள் பால் பிளாக்கும் டிலன் வில்லியமும் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, கற்பவரின் இந்தப் பங்கை, பாடம் நடக்கும்போதே கற்றலைக் கண்டறியும் வளரறி மதிப்பீட்டின் இன்றியமையாத உறுப்பாகவே வைத்தது. நாம் ஆக்கும் சொல்லில் இந்த 'அறிதல்' எங்காவது தெரிய வேண்டும் என்பது என் எதிர்பார்ப்பு.

தன்மதிப்பீடு என்பதில் வேறொரு இடர் உள்ளது. உளவியல் எழுத்துகளில் தன்மதிப்பு என்பது ஒருவர் தம்மைப் பற்றிக் கொண்டிருக்கும் மதிப்பைக் குறிக்கிறது. ஈறு மட்டுமே வேறுபடும் இரண்டு சொற்கள் ஒரே ஆசிரியர் பயிற்சிக் கையேட்டில் அடுத்தடுத்த பக்கங்களில் வந்தால் குழப்பம் உறுதி. பொருளளவிலும் அது பிழையான பக்கம் இழுக்கிறது. கழித்தல் கணக்கில் எடைபோடப்பட்டது கணக்கே தவிரக் குழந்தை அன்று. "நான் மக்கு" என்று சொல்லும் குழந்தையும் ஒருவகையில் தன்னை மதிப்பிட்டுக்கொண்டதுதானே! அதற்கு இடம் கொடுக்கும் சொல் வேண்டாம்.

தற்கணிப்பை முன்மொழிந்தவர் இலங்கை வழக்கைச் சுட்டியிருந்தார். அங்கே கணிப்பீடு (assessment), மதிப்பீடு (evaluation) என்ற இரண்டும் தனித்தனிப் பொருளில் வழங்குகின்றன. பாடசாலை மட்டக் கணிப்பீடு என்பது நிலைபெற்ற தொடர். அவ்வேறுபாடு பயனுள்ளது என்பதில் ஐயமில்லை, அதை இங்கும் கொண்டுவர முடிந்தால் நல்லதுதான். ஆயினும் தமிழ்நாட்டில் கணிப்பு என்றவுடன் தேர்தல் கருத்துக்கணிப்பும் சோதிடமும் நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியாது.

தமிழ்நாட்டு ஆசிரியர்கள் நாவில் ஏற்கெனவே ஓர் இணை இருக்கிறது. 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறையுடன் வந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டில், வளரறி மதிப்பீட்டுக்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண் பகுக்கப்பட்டது. வளரும்போது அறிவது வளரறி, தொகுத்து அறிவது தொகுத்தறி. இவ்வரிசையில் மூன்றாவதாகத் தானறி மதிப்பீடு என்று சொல்லலாம் என்பது என் முன்மொழிவு.

தன்னறி என்று ஏன் வைக்கவில்லை என்று கேட்கக்கூடும். தன்னறி என்றால் தன்னை அறிதல் என்றே முதலில் பொருள்படும். தத்துவ வாடையும் வீசும். தான் என்பது எழுவாய். தானியங்கியில் தான் இயங்குவது போலத் தானறியில் தான் அறிகிறது. அறியப்படுவது எது என்பதைச் சொல் திறந்தே விடுகிறது. அது ஒரு கணக்காகவோ ஒரு பத்தியாகவோ வரைந்த படமாகவோ இருக்கலாம்.

> இந்தச் சொல்லைக் குழந்தையிடம் எப்படிச் சொல்வது?

சொல்ல வேண்டியதே இல்லை. வளரறி மதிப்பீடு என்ற தொடரை எந்த மூன்றாம் வகுப்புக் குழந்தையும் பயன்படுத்துவதில்லை; அது பாடக்குறிப்பேட்டுக்கும் பயிற்சி வகுப்புக்கும் உரியது. குழந்தையிடம் "நீயே பார்த்துச் சொல்" என்றால் போதும்.

குழந்தைகள் அட்டைகளைக் கொண்டு தாமே செய்து கற்ற செயல்வழிக் கற்றல் நடந்த காலத்தை இங்கு நினைவூட்ட விரும்புகிறேன். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிப் பின்னர் மாநிலம் முழுவதும் பரவிய அம்முறையில், பாடங்களைப் படிப்படியாக வரிசைப்படுத்திக் காட்டும் கற்றல் ஏணியில் குழந்தை தான் நிற்கும் படியைத் தானே பார்த்து, அதற்குரிய அட்டையைத் தானே தட்டிலிருந்து எடுத்தது. ஏணியில் தன் இடம் தெரிவது தானறிதலின் முதற்படி. ஆனால் ஓர் அட்டையை முடித்ததும், அதை நன்றாகச் செய்தோமா என்று எதைக் கொண்டு பார்ப்பது என்னும் கேள்விக்குப் பல வகுப்புகளில் விடை ஆசிரியர் கையில்தான் இருந்தது. 2022-இல் தமிழ்நாட்டுத் தொடக்க வகுப்புகளுக்கு வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்ற கற்றல் நிலைகளைத் தீர்மானிப்பவர் ஆசிரியரே. தேசியக் கல்விக்கொள்கை 2020, முன்னேற்ற அட்டையில் மாணவரின் சொந்த மதிப்பீடும் சக மாணவர் மதிப்பீடும் இடம்பெற வேண்டும் என்கிறது. அட்டையில் கட்டம் போட்டுவிட்டால் குழந்தைக்குப் பார்க்கத் தெரிந்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆகவே தானறி மதிப்பீட்டுக்குத் துணையாக இன்னொரு சொல்லும் தேவை. ஒரு வேலை நன்றாக அமைந்ததற்கான அடையாளங்களை ஆசிரியரும் குழந்தைகளும் முன்கூட்டியே பேசி முடிவு செய்து கரும்பலகையில் எழுதிவைப்பார்கள். 'எங்கள் ஊர்ச் சந்தை' பற்றி ஐந்து வரி எழுதுவதென்றால், ஒவ்வொரு வாக்கியமும் முற்றுப்புள்ளியில் முடிந்ததா, கேட்டதும் பார்த்ததும் வந்தனவா, ல-ள-ழ சரியா என்பன போல. அளவுகோல் என்ற சொல் இதற்குச் சற்று விறைப்பாக இருக்கிறது. தேர்ச்சிக்குறிகள் என்று எழுதிப் பார்த்தேன், அதில் தேர்வின் சாயல் இருக்கிறது. பார்வைக்குறிகள் என்பது எப்படி? தொடக்க வகுப்புகளில் பாடம் நடத்தும் நண்பர்கள் இதற்கு வகுப்பில் என்ன சொல்கிறார்கள் என்று எழுதினால், அதையே எடுத்துக்கொள்வது நல்லது.

சக மாணவர் மதிப்பீட்டை இணையர் மதிப்பீடு என்று மாற்றலாம் என இந்த இழையில் வந்த யோசனையை மட்டும் கைவிடலாம். இணையர் என்றால் இன்று கணவன் மனைவி.

அன்புடன்.